சோப்பக்காவின் உரப்பீப்பாய்

அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் அவளைச் சோப்பக்கா என்றே எல்லாரும் அழைத்தனர். அவளினும் மூத்தவர்களும் அவ்வாறே அழைத்தனர். அதனை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. மருத்துவமனையொன்றின் சலவைக்கூடத்தில் அவள் மேற்பார்வையாளர். நாள் முழுதும் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அவள் கண்முன் மூட்டையாக வந்து, மடிப்புக் கலையாத அடுக்காக வெளியேறும். வீட்டுக்கு வந்தபின்னும் அவள் கை ஓயாது. கடையிலிருந்து வரும் காய் கழுவப்படும். காய் வந்த பை கழுவப்படும். பையை மாட்டும் ஆணியும் வாரம் ஒருமுறை ஈரத்துணியைக் காணும். பூட்டுப் பழுதுபார்க்கும் தொழிலரான அவள் கணவர், "நான் கொஞ்சம் அசந்து தூங்கினா என்னையும் அலசிக் கொடியில போட்டுடுவா" என்று கடைக்கு வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இத்தகையவளுக்கு வாய்த்த வீடோ தரைத்தளத்தில், கட்டடத்தின் பின்புறம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே நிற்பவை இரண்டு பெரிய குப்பைத்தொட்டிகள். கட்டடத்தார் அனைவரும் கொணர்ந்து கொட்டும் பழஞ்சோறும் அழுகிய காயும் மீன்முள்ளும் அவற்றில் நிறைந்து வழியும். குப்பைவண்டி வாராத நாள்களில் அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு, புகையிலும் வியர்வையிலும் நின்று சமைப்பாள்.

கட்டடச் சங்கத்தின் செயலாளர் அவளுக்கு அயலார் அல்லர். அவருடைய மகனுக்குத்தான் தன் ஒரே மகளைக் கொடுத்திருந்தாள். மருமகன் வேலை நிமித்தம் பெரும்பாலும் வெளியூரில் இருப்பவன். ஆகையால் மகள் இரண்டாம் மாடியில் மாமனார் வீட்டில் இருந்தாலும், மாலைதோறும் இறங்கிவந்து தாயோடு தேநீர் அருந்திவிட்டுப் போவாள். சோப்பக்காவின் நாளில் கழுவுதலுக்கு இடமில்லாத நேரம் அஃது ஒன்றுதான்.

ஒருநாள் அவள் செயலாளரைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டாள்.

"சம்பந்தி, அந்த ரெண்டு தொட்டியையும் வேற பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுங்க. ஜன்னலைத் திறக்க முடியல."

"எங்க தள்றது சம்பந்தியம்மா? வாசல்ல வெச்சா வர்றவங்க போறவங்க மூக்கைப் பிடிக்கிறாங்க."

"அப்ப என் முகத்துல இருக்கறது என்ன, மூக்கில்லாம முருங்கைக்காயா?"

செயலாளர் சிரித்தார். அவர் யார்மீதும் சட்டென்று சினம் கொள்ளார். சிரித்தபடியே கதவைச் சாத்துபவர். "குடும்பம்னு இருந்தா குப்பைன்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யும். நீங்க முதல்ல குப்பை போடாம இருந்து காட்டுங்க. மத்தவங்களைப் பத்தி அப்புறம் பேசலாம்."

வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். ஆயினும் சோப்பக்கா அதனைப் பந்தயமாகவே எடுத்துக்கொண்டாள்.

சலவைக்கூடத்துக்குச் சோப்புக் கரைசல் நீலநிறப் பீப்பாய்களில் வரும். காலியானவற்றுள் ஒன்றை அனுமதி பெற்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதனைக் கழுவினாள் என்று சொல்லவும் வேண்டுமோ? கணவர் தம் துளைப்பானால் பக்கங்களிலும் அடியிலும் துளையிட்டார். சமையலறைச் சுவருக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே கிடந்த ஒடுங்கிய மண்தரையில் செங்கல் அடுக்கி, அதன்மேல் பீப்பாயை நிறுத்தினார். சமையற்கழிவை உரமாக்கக் கைப்பேசியில் ஒரு பெண்மணி விளக்கிக் காட்டிய முறையைச் சோப்பக்கா மனப்பாடம் செய்திருந்தாள். காய்கறித் தோலைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகோ கிழித்த அட்டையோ சேர்க்க வேண்டும். இடையிடையே ஒரு பிடி மண் தூவி, சில நாளைக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிட வேண்டும். எண்ணெய் தோய்ந்த உணவும் இறைச்சியும் தொடக்கக்காரர்க்கு ஆகா. அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் சொன்னாள். தோலைக் கழுவிப் போடாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அவ்வாறு செய்வார் ஒருவர் உலகில் இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியிராது.

சோப்பக்கா கழுவினாள். உருளைக்கிழங்குத் தோலை மண் போக அலசினாள். தேயிலைச் சக்கையை வடிகட்டியில் இட்டு, தெளிந்த நீர் வரும்வரை குழாயின்கீழ்ப் பிடித்தாள். முட்டையோட்டைத் தூரிகையால் தேய்த்தாள். தெருவோர மரத்தடியில் அள்ளிவந்த சருகு தூசியாய் இருக்கவே, அதனையும் வாளியில் முக்கி எடுத்துச் சொட்டச் சொட்டப் பீப்பாயில் போட்டாள்.

"அம்மா, இந்த ஓட்டைப் பார்த்தா கோழியே மறுபடி குடிவந்துடும் போல இருக்கு" என்றாள் மகள், தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு.

"சிரிக்காதடி. அழுக்கைப் போட்டுட்டு நல்ல உரம் எப்படி வரும்?"

உரம் வரவில்லை, நாற்றம் வந்தது. முதலில் புளிப்பாக, பின்னர் அழுகல் வாடையாக, இறுதியில் எதனோடும் ஒப்பிட இயலாத ஒன்றாக. பீப்பாயின் அடித்துளைகளில் கருநீர் கசிந்து செங்கல்லில் வழிந்தது. மூடியைத் திறந்தால் வெண்புழுக்கள் விளிம்பேறி வந்தன. நேர்மேலே முதல் மாடியில் இருக்கும் தையற்காரி ஜன்னலினின்று தலையை நீட்டினாள்.

"சோப்பக்கா, உங்க வீட்ல இருந்து வாடை வருதுன்னு சொல்ல எனக்கே வாய் கூசுது. ஆனா வருது."

"அந்தத் தொட்டிங்கள்ல இருந்து வரும்."

"அந்த வாடை எனக்கு மனப்பாடம் அக்கா. இது புதுசு."

தொழிலால் பழகிய கை வேறென்ன செய்யும்? சோப்பக்கா மேலும் கழுவினாள். அதுவும் போதாதென்று, மருத்துவமனைத் துணிக்கு இடும் கிருமிநாசினியை நீரில் கலந்து பீப்பாயின் தலையில் ஊற்றினாள். புழுக்கள் மாண்டன. அவற்றோடு கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களும் மாண்டன. எஞ்சியது மருந்தும் அழுகலும் கலந்த குழம்பு. இம்முறை வாடை இரண்டாம் மாடிக்கே ஏறிற்று.

அன்று மாலை செயலாளர் மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி இறங்கிவந்தார். அப்பொழுதும் சிரித்தார்.

"சம்பந்தியம்மா, ஆசைக்குச் செஞ்சு பார்த்தீங்க, போதும். ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டம் இருக்கு. அதுக்குள்ள இதை எடுத்துடுங்க. இந்த இடத்துல சிமெண்ட் போட்டு மூணாவது தொட்டி வைக்கலாம்னு ஏற்கனவே பேச்சு இருக்கு."

"மூணாவதா? என் ஜன்னலுக்குக் கீழயா?"

"ஏற்கனவே ரெண்டு இருக்குற இடம்தானே." பின்னர் அருகே நின்ற மருமகளைப் பார்த்தார். "நீயும் கொஞ்ச நாளைக்கு இங்க வர வேணாம்மா. இங்க உக்காந்துட்டு மேல வந்தா வீடெல்லாம் அந்த வாடை. இது போகட்டும், அப்புறம் பழையபடி வந்து போ."

மகள் தாயை நோக்கினாள். பின்னர் தரையை நோக்கினாள். குவளையில் பாதித் தேநீர் இருக்க, அதனை மேசைமேல் வைத்துவிட்டு மாமனாரின் பின்னே படியேறினாள்.

மறுநாள் மாலை அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

"விட்டுடேன்" என்றார் கணவர், ஒரு பூட்டின் உள்ளுறுப்பைத் தாளில் பரப்பியபடி. "பொண்ணு வந்து போறதுதான் நமக்கு முக்கியம். குப்பையைக் கட்டிக்கிட்டு யாராவது அழுவாங்களா?"

"குப்பைக்காகவா நான் அழறேன்? அவளை வர வேணாம்னு சொன்னது யாரு?"

"அவர் தன்மையாத்தான் சொன்னாரு."

"தன்மையாச் சொன்னா சரியாயிடுமா? இன்னைக்குப் பீப்பாய்க்காக வர வேணாம்பாரு. நான் எடுத்துட்டேன்னு வைங்க, நாளைக்கு வேற ஏதாவது பிடிக்கலைன்னா, அதுக்கும் வர வேணாம்பாரு. ஒரு தடவை இந்தச் சாவி திருப்பினா கதவு திறக்குதுன்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் யாராவது சாவியைக் கீழ வைப்பாங்களா? உங்களுக்குத் தெரியாததா?"

பூட்டுக்காரர் தாளில் பரப்பியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தத் தொடங்கினார். தம் தொழிலை எடுத்துக்காட்டிப் பேசினால் அவர் பெரும்பாலும் தோற்றுவிடுவார்.

ஆனால் பீப்பாய் நாறியது என்னவோ உண்மை. அதனை அவளும் அறிவாள். நாறுவதை வைத்துக்கொண்டு நியாயம் பேசுவது அவள் இயல்புக்கு ஒவ்வாதது. அந்த ஒன்றுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது.

விடை சலவைக்கூடத்தில் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்த பணியாளர் ஒருவர் முந்தைய நாள் ஈரவிரிப்புகளைப் பையில் இட்டு, வாயை இறுகக் கட்டி, மூலையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் அவிழ்த்தபொழுது கூடமே முகம் சுளித்தது.

"எத்தனை தடவை சொல்றது? துவைச்ச துணியா இருந்தா என்ன, பன்னீர்ல நனைச்சதா இருந்தா என்ன, ஈரத்தோட காத்துப் புகாம கட்டி வெச்சா நாறத்தான் செய்யும். அழுக்குத் துணியைக்கூட உலர்த்திப் போட்டா ஒரு வாரம் தாங்கும். நாத்தத்துக்குக் காரணம் அழுக்கு இல்ல, ஈர..."

அவள் பேச்சு நின்றது. பணியாளர், திட்டு முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் நின்றார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல. போய் உலர்த்து."

பன்னெடுங்காலமாகத் தான் பிறர்க்கு உரைத்துவந்த பாடத்தைத் தன் வீட்டுப் பீப்பாயில் தானே மீறியிருந்தாள். மாலையில் புறப்படும்பொழுது சோப்புத்தூள் வந்த வெற்று அட்டைப்பெட்டிகளைக் கட்டி எடுத்துக்கொண்டாள். உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் சேரும் பஞ்சுப்பிசிறும் கண்ணில் பட்டது. காய்ந்ததாக, மென்மையாக, வேண்டுமளவு இருந்தது. கையில் எடுத்து ஆராய்ந்தாள். விரிப்புகளில் பாதிக்குமேல் செயற்கை இழை; அது மண்ணில் மக்காது. திரும்பப் போட்டுவிட்டு நடந்தாள்.

வீட்டில் ஒரு பழைய தார்ப்பாயை விரித்து, பீப்பாயை அதன்மேல் கவிழ்த்தாள். கணவர் முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு, பூட்டுக்குள் ஒடிந்த சாவியை எடுக்கும் கம்பியால், அடைபட்டுக் கிடந்த துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தார்.

"இதுவரைக்கும் எந்தப் பூட்டும் என்னை இப்படி அழ வெச்சதில்ல" என்றார்.

மருந்து கலந்த குழம்பை அவள் தனியே அள்ளிக் கட்டி அப்புறப்படுத்தினாள். எஞ்சியதை வெயில் படப் பரப்பினாள். அட்டைகளை உள்ளங்கையளவு துண்டுகளாகக் கிழித்தாள். கழுவாத சருகையும், தெருவோர மண்ணையும், தூசியோடு அப்படியே சேர்த்துப் பிசைந்தாள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்தாள். விரலிடையே நீர் ஒழுகிற்று. மேலும் அட்டை சேர்த்தாள். மறுபடி இறுக்கினாள். பிழிந்து வைத்த துணிபோல், ஈரம் தெரிந்தும் சொட்டாமல் நின்றது. அந்த அளவை அவள் கை நன்கறியும்.

அன்றைய சமையலில் சீவிய கேரட்டுத் தோல் மேடையில் கிடந்தது. வழக்கப்படி அதனை அள்ளிக் குழாயின்கீழ்க் கொண்டுபோனாள். நீர் விழத் தொடங்கிற்று. ஒரு கணம் நின்றாள். பின்னர்க் குழாயை மூடினாள். மண்ணொட்டிய தோலை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே போய், பீப்பாயில் இட்டு, மேலே அட்டையால் மூடினாள். திரும்பி வந்து தன் கைகளை மட்டும் வழக்கத்தினும் நெடுநேரம் கழுவினாள்.

சில நாளில் கருநீர் நின்றது. நண்பகலில் கலவைக்குள் கைவிட்டுப் பார்த்தபொழுது, நடுவே காய்ச்சல்காரன் நெற்றிபோல் வெதுவெதுப்பு இருந்தது. அழுகல் வாடை தணிந்தது, முற்றிலும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூட்டம் பின்முற்றத்தில் கூடிற்று. செயலாளர் முன்னேற்பாடாகத் துப்புரவுப் பணியாளரையும் தள்ளுவண்டியோடு வரச்சொல்லியிருந்தார். எல்லாரும் வந்து சேர்ந்தபொழுது, சோப்பக்கா பீப்பாய் மூடியின்மேல் ஒரு மடித்த போர்வையை இட்டு அமர்ந்திருந்தாள். கூட்டத்தின் பின்வரிசையில் மகள் நின்றாள்.

"எந்திரிங்க சம்பந்தியம்மா" என்றார் செயலாளர், சிரித்தபடி.

"பரவால்ல, உக்காந்தே பேசறேன். முழங்கால் வலி."

"அதை எடுக்கணும்."

"முழங்காலையா?"

சிலர் சிரித்தனர். செயலாளரின் சிரிப்பு சற்றே சுருங்கிற்று. "எல்லாரும் புகார் சொல்றாங்க. நான் செயலாளர். எனக்கு உறவுன்னு பார்த்தா நாளைக்கு என்னைத்தான் பேசுவாங்க."

"புகார் நியாயம்தான்" என்றாள் சோப்பக்கா. "நாறுச்சு. தப்பு என்னோடது. கழுவிக் கழுவிப் போட்டேன். சருகைக்கூடக் கழுவினேன். மருந்து வேற ஊத்தினேன். இவ்வளவு புத்திசாலியா ஒருத்தி இந்தக் கட்டடத்துல வேற யாரும் இல்ல. இப்பச் சரி பண்ணியிருக்கேன். இன்னும் கொஞ்சம் வாடை இருக்கு; இல்லைன்னு சொல்லல. வந்து பாருங்க."

எழுந்து மூடியைத் திறந்தாள். யாரும் அசையவில்லை. பின்னர்த் தையற்காரி முன்வந்து குனிந்தாள்.

"மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்கு. முன்ன வந்தது இது இல்ல." நிமிர்ந்து, முற்றத்து மூலையிலிருந்த தொட்டிகளைப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள். "இப்ப வர்றது அங்கயிருந்து."

"நீங்களும் பாருங்க சம்பந்தி" என்றாள் சோப்பக்கா.

"நான் எதுக்குக் குப்பையை முகர்ந்து பாக்கணும்?"

"நான் தினமும் பாக்கறேனே. உங்க வீட்டு மீன்முள்ளு எது, நாலாவது மாடி வெங்காயத்தோல் எதுன்னு என்னால கண்ணை மூடிட்டுச் சொல்ல முடியும். இத்தனை வருஷம் எல்லார் வீட்டு வாடையும் என் அடுப்படியில இருந்துச்சு. யாரும் கூட்டம் போடல. என் வீட்டு வாடை கொஞ்ச நாள் மேல வந்துச்சு, தள்ளுவண்டி வந்துடுச்சு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. எடுக்கத்தான் வேண்டும் என்றனர் சிலர். இருந்துவிட்டுப் போகட்டும் என்றனர் சிலர். செயலாளர் துப்புரவுப் பணியாளரை நோக்கித் தலையசைத்தார். சோப்பக்கா மூடியைப் போட்டு மறுபடி அதன்மேல் அமர்ந்தாள். பணியாளர் பீப்பாயையும் அதன்மேலிருந்தவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஐயா, எனக்கு குப்பை எடுக்கத்தான் வேலை. ஆளை எடுக்கறது வேலையில சேர்த்தி இல்ல."

இம்முறை சிரிக்காதவர் செயலாளர் ஒருவர்தாம். அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தியம்மா, கடைசியாச் சொல்றேன். உங்க பொண்ணு என் வீட்ல இருக்கா. அவ இங்க வந்து போகணுமா வேணாமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இது இங்க இருக்கற வரைக்கும் அவ கீழ வரமாட்டா."

சோப்பக்கா பின்வரிசையை நோக்கினாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, சேலை முந்தானையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. அவள் திறக்க வேண்டும் என்று தாய் எதிர்பார்த்தாள்; அவளால் இயலாது என்பதையும் அறிந்தாள். அந்த வீட்டில் நாளையும் உண்டு உறங்க வேண்டியவள் அவள்.

"யோசிக்கறேன்" என்றாள் சோப்பக்கா.

கூட்டம் முடிவெதுவும் எட்டாமல் கலைந்தது. தள்ளுவண்டி வெறுமையாகத் திரும்பிற்று. கணவர் மட்டும் பீப்பாய் அருகே நின்றார்.

"என்ன யோசிச்ச?"

"சமையல் முடியட்டும்" என்று உள்ளே போனாள்.

மாலையில் அவள் தேநீர் போட்டாள். வழக்கமான அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே போட்டாள். அதனைக் குடுவையில் ஊற்றி மூடினாள். முகம் கழுவி, தலைவாரி, நல்ல சேலை ஒன்றை உடுத்தினாள். கணவர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்பொழுது, அவள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"மேல."

மணம் முடிந்த நாள்தொட்டு, அழைப்பின்றி அவள் சம்பந்தி வீட்டுப் படி ஏறியதில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் அடிக்கடி போய் நிற்றல் ஆகாது என்று தனக்குத்தானே வகுத்துக்கொண்ட வரம்பு அது. முழங்கால் வலிக்க, கைப்பிடியைப் பற்றி, இரண்டு மாடி ஏறி அழைப்புமணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவர் செயலாளர். அவர் பார்வை குடுவைக்குப் போயிற்று. பின்னர் அவள் முகத்துக்கு வந்தது. உள்ளே, கூடத்தின் மறுகோடியில், மகள் எழுந்து நின்றாள்.

"வாங்க" என்றார் அவர், வேறு சொல் அறியாமல். "எடுத்துட்டீங்களா?"

"இல்ல சம்பந்தி." அவள் குரலில் சினமும் இல்லை, நயப்பும் இல்லை. "பீப்பாய் அங்கயேதான் இருக்கும். அவ கீழ வர வேணாம். இனிமே தினமும் சாயங்காலம் நான் மேல வர்றேன்."